பேராச்சி அக்கா மாலை போட்ட வருஷம்

அந்தப் பிள்ளையின் பேர் வேண்டாம். இப்போது அது ஏழாம் வகுப்பு படிக்கிறது, ரெட்டைச் சடை போட்டு சைக்கிளில் போகிறது. ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தலை வாராமல்தான் பள்ளிக்கூடம் வரும். சீசன் மாதங்களில் அதன் அம்மா குற்றாலத்தில் பழக்கடை போட விடியுமுன்னே போய்விடுவாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அதைப் 'பரட்ட' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தன.

பேராச்சி அக்கா காலையில் அடுப்புப் பற்றவைக்குமுன் எண்ணெய்ப் புட்டியும் சீப்பும் எடுத்துக்கொண்டு குழாயடிப் படியில் உட்காருவாள். நாலு பொம்பளைப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தப் பிள்ளையை மூன்றாவதாகத்தான் கூப்பிடுவாள். முதல் இரண்டு பேரும் வீட்டிலேயே அழகாகப் பின்னிக்கொண்டு வந்திருப்பார்கள். அந்தச் சடையை அவிழ்த்து, மறுபடி வாரி, மறுபடி பின்னுவாள். எதற்கு இந்த வேலை என்று நான் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன். "பேசாம அரிசியக் களஞ்சுபோடு" என்றாள். களைந்துகொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் சத்துணவுச் சமையல்காரி. நான் அவளுக்கு உதவியாள். அவளுக்குச் சொந்த ஊர் சிவகிரிப் பக்கம். பத்தொன்பது வயசில் மேலகரத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் பிச்சையா அரிசி ஆலையில் மூடை தூக்கினவர். அவர் போனபோது அக்காவுக்கு முப்பத்தொரு வயசு, மடியில் ஒரு பையன். ஆதரவற்ற விதவை என்று சான்றிதழ் வாங்கி இந்த வேலைக்கு வந்தாள். பையனை வளர்த்து ஆளாக்கி, இன்றைக்கு அவன் ராணுவத்தில் இருக்கிறான். கல்யாண வீடுகளில் அவள் கடைசி வரிசையில் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் போகச் சொல்லி அல்ல, யாரும் முன்னால் வரச் சொல்லாததால்.

பிள்ளைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த மாதிரி டீச்சர்களுக்குக்கூடத் தெரியாது என்று நான் துணிந்து சொல்வேன். டீச்சர் கரும்பலகையைப் பார்த்து நிற்கிறவர். அக்கா வரிசையைப் பார்த்து நிற்கிறவள். சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி முட்டையின் மஞ்சளைத் தனியே எடுத்து வைத்தால், நாலு நாளில் பத்துத் தட்டில் மஞ்சள் மிஞ்சும். ஒரு பையன் கொண்டைக்கடலையைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தால் அந்த வரிசைக்கே கடலை கசந்துவிடும். அதே மாதிரி, கீரை தின்னாத பிள்ளையைக் கீரை பிடித்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அக்கா ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். வெள்ளிக்கிழமைக்குள் தட்டு காலியாகிவிடும். "நாம சொல்லி எந்தப் பிள்ள கேட்டுருக்கு? பக்கத்துத் தட்டப் பாத்துத்தான் அதுக வளருது" என்பாள்.

நாலு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை முதல் தேதி, ஒன்றாம் வகுப்பு புவனேஷ் அய்யப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தான். ஆறு வயசு, கன்னிச்சாமி. அவன் அப்பா மகாதேவன் போலீஸில் இருக்கிறார், வருஷா வருஷம் மலைக்குப் போகிறவர். கறுப்பு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாகப் பிள்ளை வந்து நின்றபோது நானே கையெடுத்துக் கும்பிட்டேன். மாலை போட்டவரைப் பேர் சொல்லக் கூடாது, வையக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். டீச்சரும் "சாமி, ஆனா ஆவன்னா எழுதுங்க சாமி" என்றார்.

ஒரு வாரத்தில் ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சாமி ஆகிவிட்டது. "சாமி, ரப்பர் குடு சாமி." "நேத்து நீ குடுத்தியா சாமி?" வாசலில் பதினெட்டு ஜோடிச் செருப்பு. வாய்க்கால் ஓரத்து விதைகளைக் கோத்து மூன்று பேர் மாலை போட்டிருந்தார்கள். முட்டையை யாரும் தொடவில்லை. அக்காவுக்குச் சிரிப்புத்தான். சாமிமாரெல்லாம் அவியலாவது தின்னுங்க என்று பரிமாறினாள்.

அந்தக் கார்த்திகை நாலாம் தேதி அபியின் அப்பா இறந்துபோனார். கொத்தனார். சாரத்தில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அபியும் அதே ஒன்றாம் வகுப்புதான், பொம்பளைப் பிள்ளை. புவனேஷ் வீட்டுக்கு எதிர் வீடு. மாலை போட்டவர்கள் சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது எல்லாரும் அறிந்தது. புவனேஷின் அம்மா ஜெயபிரியா, பதினாறாம் நாள் கழியிற வரைக்கும் அபியைத் தொடாதே என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதை ஒரு ஆறு வயசுப் பிள்ளையிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பத்தாம் நாளே அபியின் அம்மா காளீஸ்வரி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். வீட்டில் விடிந்தால் அடைந்தால் அழுகை. இங்கே வந்தால் நாலு பிள்ளைகளோடு சிரிக்கும், ஒரு நேரம் ஒழுங்காகச் சாப்பிடும் என்று நினைத்தாள். வந்ததும் புவனேஷ் சொல்லிவிட்டான், என்னைத் தொடாதே, உனக்குத் தீட்டு என்று.

அவ்வளவுதான். மூன்றாம் நாள் அது ஒரு விளையாட்டாக மாறியிருந்தது. அபி மேலே பட்டுவிட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினவன் ஓடிப்போய்ப் புவனேஷின் மாலையைத் தொட்டு "சரணம்" என்று சொன்னால் போய்விடும். அதற்குள் அவன் வேறு யாரையாவது தொட்டால் அவனுக்கும் ஒட்டும். பிள்ளைகள் இதற்காகவே ஒருத்தனை ஒருத்தன் அபி மேல் தள்ளிவிட்டு ஓடினார்கள். எல்லாரும் தன்னிடம் ஓடி வருவது புவனேஷுக்கும் பிடித்திருந்தது. பதினாறாம் நாள் கழிந்தது, காரியமெல்லாம் முடிந்தது. விளையாட்டு முடியவில்லை. காரணம் அவர்களுக்கு மறந்தே போயிருந்தது.

தலைமை ஆசிரியர் பரமசிவன் சார் நல்ல மனுஷர். காலைப் பிரார்த்தனையில் மைக்கில், யாரையும் தீட்டு என்று சொல்லித் தள்ளக் கூடாது, அது பாவம் என்று கால்மணி நேரம் பேசினார். அன்று மத்தியானமே மூன்றாம் வகுப்புப் பையன்களும் அபியைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் அடித்து வைத்தாள். "ஒண்ணாப்போட கெடந்தது. சார் மைக் வச்சு அஞ்சாப்பு வரைக்கும் கொண்டுபோயிட்டாவ."

அதே வாரம் ஒரு நாள் அபி சாப்பாட்டு வரிசையில் கடைசியாக வந்தாள். தட்டை நீட்டவில்லை. தரையில் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றாள்.

"தட்டக் கையில எடு தாயி" என்றாள் அக்கா.

"வேண்டாம் ஆயாம்மா. நீங்க மேல இருந்தே போடுங்க. ஒங்களுக்கு ஒட்டிக்கிடும்."

மற்ற பிள்ளைகள் சொன்னது ஒரு பக்கம். இப்போது அந்தப் பிள்ளையே அதை நம்பிவிட்டது. அக்கா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

காளீஸ்வரி அடுத்த நாள் வந்தாள். அரைப் பரீட்சை லீவு விட்டதும் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, அபியை ராயகிரியில் தன் அக்கா வீட்டில் விட்டு அங்கே சேர்க்கப் போவதாகச் சொன்னாள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை தாயையும் விட்டுப் போக வேண்டும். லீவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "அதுவரைக்கும் எங்கனயும் கொண்டுபோகாத. நான் இருக்கேன்" என்றாள் அக்கா. என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்காது.

முதலில் ஜெயபிரியாவிடம் போனாள், நானும் கூடப் போனேன். உன் மகன் ஒரு தடவை அபி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று தயவாகத்தான் கேட்டாள். ஜெயபிரியாவும் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். மலைக்குப் போய் வருகிற வரைக்கும் சாமியை எதற்கும் வற்புறுத்த மாட்டேன், தை பிறந்து மாலையைக் கழற்றட்டும், பார்க்கலாம் என்றாள். தையில் அபி ராயகிரியில் இருப்பாள். நாங்கள் திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை அக்கா கறுப்புச் சேலையில், கழுத்தில் துளசி மாலையோடு வந்து நின்றாள். விடியற்காலமே குற்றாலத்தில் குளித்து, கோயிலில் வைத்து மாலை போட்டு வந்திருக்கிறாள். வயசு ஐம்பத்து நாலு, போகலாம்தான். எனக்குப் பயமாக இருந்தது. சாமி காரியத்தை இப்படி ஒரு காரியத்துக்காகச் செய்யலாமா என்று கேட்டேன்.

"வெளையாட்டுக்குப் போடலட்டி வடிவு. அம்பது தாண்டினதுல இருந்தே மலைக்குப் போவணும்னு இருக்கேன். இப்பக் கூப்புட்டுட்டான். முட்ட அவிக்கித மட்டும் நீ பாத்துக்கோ."

சொல்லிவிட்டு நேராக அபி வீட்டுக்குப் போனாள். மாலை போட்டவள் சாவு வீட்டுக்குள் நுழைந்தாள். அபியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தாள். தெருவில் நின்ற பொம்பளைகள் பார்த்தார்கள். அக்கா ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை, ஒருத்தரைக் கண்டு தலையைக் குனியவும் இல்லை.

அவள் நினைத்தது ஒன்று. சாமியே தொடுகிறது என்று பிள்ளைகள் பார்த்தால் பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். நடந்தது வேறு. மத்தியானம் அவள் சோற்றுக் கரண்டியோடு நின்றபோது முதல் பையன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். அதைப் பார்த்து அடுத்தவள். ஆயாம்மாவுக்கு ஒட்டிவிட்டதாம். அறுபது பிள்ளைகளும் என் பக்கம் வந்து நின்றார்கள். அபி ஒருத்திதான் அவளிடம் வாங்கினாள். அன்றைக்குத் தட்டைக் கையிலேயே பிடித்திருந்தாள், அதை மட்டும் நான் கவனித்தேன்.

இரண்டாம் நாளும் அப்படியே. பரமசிவன் சார் வந்து, நீங்க உள்ளே சமைங்க, பரிமாறுவதை வடிவு பார்க்கட்டும் என்று சமாதானமாகச் சொன்னார். அக்கா இடத்தை விட்டு அசையவில்லை. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரைக்கும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, யாரும் வராத சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. எத்தனை நாளைக்கு நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"அதுக எத்தன நாளு வராம இருக்குதோ அத்தன நாளு. எனக்கென்ன, காலு இருக்கு."

மூன்றாம் நாள் புவனேஷ் வரிசையில் வந்தான். அவனும் என் பக்கம் திரும்பினான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். முன்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஆறு வயசுப் பிள்ளையின் காலைத் தொட்டு, "சாமி சரணம்" என்றாள்.

ஒரு சாமி விழுந்து கும்பிட்டால் மற்றச் சாமியும் திருப்பிக் கும்பிட வேண்டும். இது மாலை போட்ட எல்லாருக்கும் உள்ள வழக்கம். மகாதேவன் மகனுக்கு நன்றாகப் பழக்கியிருந்தார். வீட்டுக்கு வருகிற சாமிமார் எல்லார் காலிலும் அவன் விழுவான். ஆனால் இப்போது வரிசை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆயாம்மாவைத் தொட்டால் ஒட்டும், தொடாவிட்டால் சாமிக் குற்றம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பாவமாகிவிட்டது. பிறகு தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் அக்கா காலைத் தொட்டான்.

பின்னால் ஒருத்தன் கத்தினான். "ஏலே, சாமிக்கு ஒட்டிட்டுலே."

புவனேஷ் திரும்பினான். "போலே. ஆயாம்மாவும் சாமிதாம்லே. சாமிக்கு ஒட்டாது."

"அப்ப அபிக்கு?"

புவனேஷ் யோசித்தான். "ஆயாம்மா தெனமும் தொடுதாவல்லா. அது எப்பமே போயிருக்கும்."

இதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. தீட்டு என்று ஒன்று இல்லை என்று அவர்கள் படித்துவிடவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதும். எழுந்து கரண்டியை எடுத்தாள். புவனேஷ் தட்டை நீட்டினான். அவனைப் பார்த்து அடுத்தவன். அதைப் பார்த்து அடுத்தவள். என் பக்கம் இருந்த வரிசை அப்படியே அங்கே நகர்ந்தது. அந்த வாரக் கடைசியில் அபி பக்கத்தில் உட்கார இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சாமி கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் வருகிறவள் அவள் ஒருத்திதானே.

காளீஸ்வரி மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரவில்லை.

ஜெயபிரியாதான் வந்தாள், இரண்டு பொம்பளைகளோடு. பிள்ளையை ஏமாற்றிக் காலைத் தொட வைத்துவிட்டாய், சாவு வீட்டுக்குப் போய் வந்த உன்னைத் தொட்டதால் என் மகன் விரதம் கெட்டது என்றாள். அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. முதல் மலை, பெற்றவளுக்குப் பயம் இருக்கும். அதற்காகத்தான் குருசாமி பால்வண்ணநாதன் அண்ணாச்சி முன்னால் வந்து மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் எங்கள் குழுவோடு உனக்கு இருமுடி கட்ட முடியாது என்றாள். பரமசிவன் சாரும், ஒரு வார்த்தைதானே, கேட்டுவிட்டால் முடிந்தது என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை.

"பிள்ளய ஏமாத்தல. கும்புட்டேன், அவனும் கும்புட்டான். ஒரு பச்சப்பிள்ள கையப் புடிச்சதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னா, மலையேறிப் போயி அய்யப்பங்கிட்டயே கேட்டுக்கிடுதேன். கீழ நிக்கவுக யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

கேட்கவும் இல்லை. மார்கழி கடைசியில் தன்னந்தனியாகச் செங்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கே முன்பின் தெரியாத ஒரு குழுவோடு இருமுடி கட்டி, மலைக்குப் போய் வந்தாள். திரும்பி வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அரவணைப் பாயசம் கொடுத்தாள். ஜெயபிரியா வீட்டுக்கும் ஒரு டப்பா கொண்டுபோனாள். கதவு திறக்கவில்லை. நடைப்படியில் வைத்துவிட்டு வந்தாள். புவனேஷ் மறுநாள் வந்து, நல்லா இருந்துச்சு ஆயாம்மா, இன்னும் இருக்கா என்று கேட்டான்.

தை மாதமே மேலிடத்துக்கு மனு போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் மூடப்பழக்கம் வளர்க்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். யார் எழுதியது என்று அக்கா விசாரிக்கவில்லை. ஜூன் மாதம் வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பரமசிவன் சார் தலைகீழாக நின்று பார்த்தார். அக்கா ஒரு வருத்தக் கடிதம் கொடுத்தால் ரத்தாக வழி இருக்கிறது என்று ஆபீசில் சொன்னார்களாம். அவரே எழுதி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, என்னிடம் கொடுத்துவிட்டார். நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்துவிட்டார்.

அக்காவின் கடைசி நாள், பள்ளிக்கூடத்தை விட்டு நாங்கள் புறப்படும்போது இரண்டாம் வகுப்பு வாசலில் அபிக்கும் புவனேஷுக்கும் சண்டை. பென்சில் யாருடையது என்று. அபி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, குடுலே என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவர்களை விலக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வழியனுப்பினேன். அதற்குப் பிறகு நேரில் பார்க்க வாய்க்கவில்லை. அவளுக்கும் வேலை, எனக்கும் வேலை. போனில் பேசுவதோடு சரி. பஸ் புறப்படுகிற நேரத்தில்தான் தைரியம் வந்து, ஜன்னல் வழியாக அந்தக் கடிதத்தை நீட்டினேன். ஒரு கையெழுத்துத்தானே அக்கா, வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தைதானே இருக்கிறது, உங்களுக்கு இந்த வயசில் அந்தத் தூரம் எதற்கு என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கடிதத்தை வாங்கி, முழுக்க வாசித்து, மடித்து, என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சார் எழுத்து அழகா இருக்கு. அவுகட்ட கோவப்படாம குடுத்துரு. யாரும் ஒங்கிட்ட என்னயப் பத்திக் கேட்டா, திமிரு புடிச்சவன்னு சொல்லு, சட்டம் தெரியாதவன்னு சொல்லு, ஒன் இஷ்டம். பேராச்சி வருத்தப்பட்டான்னு மட்டும் ஒருத்தங்கிட்டயும் சொல்லிராதட்டி."